வெண்ணெய் நாட்டில் நெஞ்சு நோய்

ஐரோப்பாக் கண்டத்தின் வடபாகத்தில், ருஷிய தேசத்தின் எல்லையை ஒட்டிப் பின்லாந்து என்னும் தேசம் உளது. அதன் கிழக்குக் கோடியில், தலைநகராகிய ஹெல்சிங்கிக்கு வடகிழக்கே சுமார் 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜில்லாவுக்கு வட கரேலியா என்று பெயர். காடும் ஏரியும் நிறைந்த பூமி. 1972-ஆம் ஆண்டில் அங்கு ஜனத்தொகை ஏறக்குறைய 1,80,000. கறவை மாடு வளர்ப்பதும் மரம் வெட்டுவதுமே பெரும்பாலோரின் ஜீவனம். தேக உழைப்புக்கு அஞ்சாத ஜனங்கள். அவ்வாறிருந்தும், 1960-ஆம் ஆண்டுகளின் முடிவில், நடுவயதிலுள்ள ஆண்மக்கள் மாரடைப்பினால் உலகிலேயே மிக அதிகமாக மடிந்த இடங்களுள் அந்த ஜில்லாவும் ஒன்றாக இருந்தது.

பாடுபடுகிறவன் எதைத் தின்றாலும் செரித்துவிடும், அவனுக்கு நெஞ்சு நோய் வாராது என்ற எண்ணம் நாட்டுப்புறங்களில் எங்கும் உண்டு. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் மெய் என்பதை வட கரேலியாவின் சரித்திரம் காட்டும். அங்கு இறந்தவர்கள் நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதியவர்கள் அல்லர். கோடரியும் வைக்கோல் முட்கவரும் பிடித்தவர்கள். நாற்பது, ஐம்பது வயதில் குடும்பத் தலைவனை இழந்து, மாடுகளையும் கடனையும் விதவையின் பொறுப்பில் விட்ட வீடுகள் கிராமந்தோறும் இருந்தன.

அத்தேசத்தில் வெண்ணெய் இவ்வளவு பெருகியதற்குக் காரணம் நிலமும் பருவமுமே. கோடை குறுகியது, பனிக்காலம் நெடியது. கோதுமை நன்றாக முற்றுவதற்கு முன் உறைபனி வந்துவிடும். ஆனால் புல் செழித்து வளரும். ஆதலின் புல்லைப் பசுவுக்கிட்டுப் பாலாக்கி, பாலை வெண்ணெயாக்கி விற்பதே அங்குள்ள சிறு குடியானவனுக்கு நிச்சயமான வருமானமாயிற்று. இரண்டாவது மகா யுத்தத்தில் கரேலியாவின் ஒரு பகுதி சோவியத் ருஷியாவின் வசமாயிற்று. அங்கிருந்து வெளியேறிய சுமார் 4 லட்சம் பேருக்கும், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கும் 1945-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சர்க்கார் நிலம் அளித்தது. காட்டை வெட்டித் திருத்திய அந்தச் சிறு பண்ணைகளில் சில பசுக்களே முதல் சொத்து. பஞ்சத்தையும் யுத்தத்தையும் கண்டவர்களுக்கு, ரொட்டியின்மேல் தடிப்பாகத் தடவிய வெண்ணெய் செழிப்பின் அடையாளமாகத் தோன்றியதில் வியப்பில்லை. 1972-இல் எடுத்த கணக்கின்படி ரொட்டியில் வெண்ணெய் தடவி உண்டவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பேர். ஆடை எடாத பால், கொழுப்பு மிகுந்த பன்றி இறைச்சி, அளவுக்கு மிஞ்சிய உப்பு ஆகியவை நித்திய ஆகாரம். காய்கறி மிகச் சொற்பம். ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோர் புகை பிடித்தனர்.

இந்த நிலை வெளியுலகுக்குத் தெரியவந்தது ஓர் ஆராய்ச்சியால். ஆன்ஸெல் கீஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1958-ஆம் ஆண்டு முதல் ஏழு தேசங்களில் ஆண்களின் ஆகாரத்தையும் இருதய நோயையும் ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் கணக்கெடுத்தார். அவற்றுள் கிழக்குப் பின்லாந்து மாரடைப்பில் முதலிடத்திலும், கிரேக்க தேசத்தைச் சேர்ந்த கிரீட் தீவு கடைசியிலும் நின்றன. இங்கு முக்கியமாகக் கவனிக்கற்பாலது ஒன்று உண்டு. கிரீட் தீவினர் கொழுப்புக் குறைவாக உண்டவர்கள் அல்லர். அவர்களுடைய ஆகாரத்தின் சக்தியில் ஏறக்குறைய 40 சதவிகிதம் கொழுப்பிலிருந்தே வந்தது. பின்லாந்துக்காரர்களுடையதும் அதற்கு அருகிலேதான் இருந்தது. வேற்றுமை அளவில் இல்லை, வகையில் இருந்தது. தீவினர் உண்டது ஆலிவ் எண்ணெய். கரேலியர் உண்டது வெண்ணெய்.

கொழுப்பின் வகையைச் சற்று விளக்குவது நலம். எல்லாக் கொழுப்பும் கொழுப்பமிலங்களால் ஆனது. அந்த அமிலத்தின் கரிச் சங்கிலி கொள்ளக்கூடிய ஹைட்ரஜன் முழுவதையும் கொண்டிருந்தால் அதை நிறைவுற்ற கொழுப்பு என்றும், இடமிருந்தும் கொள்ளாதிருந்தால் நிறைவுறாக் கொழுப்பு என்றும் வழங்குவர். நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தவை பெரும்பாலும் குளிரில் உறையும். வெண்ணெய், நெய், தேங்காயெண்ணெய் இதற்கு உதாரணம். நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் சாதாரணக் குளிரில் இளகியே இருக்கும். நிறைவுற்ற கொழுப்பு அதிகமாக உட்சென்றால், இரத்தத்தில் மிதக்கும் கெட்ட கொலஸ்டிரால் துணுக்குகளைப் பிடித்து அகற்றும் வேலையில் ஈரல் சோர்வுறுகிறது. அகற்றப்படாமல் தங்கியவை இருதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்களின் உட்சுவரில் புகுந்து, பல ஆண்டுகளில் படிப்படியாகத் தடித்து, கடைசியில் ஒருநாள் வெடித்து, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து வழியை அடைக்கிறது. இதுவே மாரடைப்பு. வயலில் நாள் முழுதும் உழைப்பது இருதயத்துக்கு நன்மையே. ஆனால் இரத்தத்தில் கொலஸ்டிரால் மிக ஏறியிருக்குமானால் உழைப்பு மாத்திரம் அதை ஈடுசெய்யாது. 1972-இல் வட கரேலிய ஆண்களின் சராசரி, 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு ஏறக்குறைய 265 மில்லிகிராம். 200-க்குக் கீழே இருப்பதுதான் விரும்பத்தக்கது.

காரியம் தொடங்கிய விதம் கிராம உத்தியோகஸ்தர்கள் அறியவேண்டியது. மருத்துவ இலாகா தானாக முன்வந்து ஆரம்பித்ததன்று. 1971-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஜில்லாவின் கவர்னரும், சட்டசபை அங்கத்தினர்களும், உள்ளூர்ப் பிரமுகர்களும் சேர்ந்து, தங்கள் ஜனங்கள் அகாலத்தில் சாவதைத் தடுக்க உதவி வேண்டும் என்று சர்க்காருக்கு மனுச் செய்தனர். அதன் பயனாக 1972-இல் வட கரேலியத் திட்டம் தொடங்கிற்று. அதை நடத்த நியமிக்கப்பட்ட பெக்கா புஸ்கா என்னும் வைத்தியருக்கு அப்பொழுது வயது முப்பதுகூட ஆகவில்லை. உலக சுகாதார ஸ்தாபனமும் துணைநின்றது. அண்டை ஜில்லாவாகிய குவோபியோவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வைத்துக்கொண்டனர்.

புதிய ஆஸ்பத்திரி கட்டுவதால் இந்நோய் அடங்காது என்று புஸ்காவும் அவருடைய சகாக்களும் கண்டனர். மாரடைப்புற்றவர்களில் பலர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருமுன்பே இறந்தனர். ஆகவே வேலை சமையலறையில் தொடங்கிற்று. மார்த்தா சங்கம் என்னும் பழைய இல்லத்தரசிகளின் சங்கம் கிராமந்தோறும் கிளைகளை உடையது. அச்சங்கத்தார் ‘நீண்ட ஆயுள் விருந்து’ என்று பெயரிட்டு மாலைக் கூட்டங்கள் நடத்தினர். அங்கு வைத்தியர் சிறிது பேசுவார். பெண்கள் அதிகம் சமைப்பர். கரேலியக் குழம்பு என்று அந்நாட்டில் பேர்போன இறைச்சிக் குழம்பை, கொழுப்பைக் குறைத்துக் காய்கறிகளைச் சேர்த்து, உப்பைத் தணித்துச் சமைத்து ஆண்களுக்குப் பரிமாறினர். பழைய பண்டத்தை ஒழித்துப் புதிய பண்டத்தைக் கொண்டுவராமல், பழையதையே திருத்தியது புத்திசாலித்தனம். கிராமங்களில் செல்வாக்குள்ள நூற்றுக்கணக்கான ஆண் பெண்களுக்குப் பயிற்சி அளித்து, அக்கம்பக்கத்தாரிடம் பேசும்படி அனுப்பினர். பிற்காலத்தில் கிராமத்துக்குக் கிராமம் போட்டியும் வைத்தனர்: இரண்டு மாதத்தில் எந்த ஊரார் தங்கள் கொலஸ்டிராலின் சராசரியை அதிகமாகக் குறைக்கின்றனரோ அவ்வூருக்குப் பரிசு. துண்டுப் பத்திரிகைகளைவிட இந்தப் போட்டியே ஆண்களை அதிகமாக அசைத்தது எனலாம்.

இவையெல்லாம் எளிய பகுதி. கடினமான பகுதி பால் பண்ணையாளரைப் பற்றியது. ஜில்லாவின் வருமானமே பசுவை நம்பி இருக்கையில், வெண்ணெயைக் குறைக்கச் சொல்வது குடியானவனுடைய பிழைப்பைக் குறைக்கச் சொல்வதாகும். பால் வியாபாரத்தைச் சேர்ந்தவர்கள் திட்டத்தை எதிர்த்தனர். அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமற் போகவில்லை. நெஞ்சு நோயால் இறந்தவனும் பால் பண்ணைக்காரன். வெண்ணெய் விற்காவிட்டால் நொடிபவனும் அவனே. உயிரைக் காக்கும் யோசனை வயிற்றில் அடிக்குமானால் அதை எவனும் நெடுநாள் கேளான்.

ஆதலின் ஆகாரத்தோடு விவசாயமும் மாறவேண்டியதாயிற்று. மூன்று வகையில் இது நடந்தது. முதலாவது, பாலிலேயே செய்த மாற்றம். கொழுப்புக் குறைத்த பாலையும், கொழுப்பு நீக்கிய பாலையும், கொழுப்புக் குறைந்த பாலாடைக் கட்டியையும் பால் நிலையங்கள் விற்பனைக்குக் கொண்டுவந்தன. பாலுக்கு விலை கட்டும்போது கொழுப்பை மாத்திரம் பாராமல் அதிலுள்ள புரதத்துக்கும் மதிப்பளிக்கும் முறை வலுப்பெற்றது. எந்தச் சத்துக்குப் பணம் கிடைக்கிறதோ அந்தச் சத்துக்காகவே குடியானவன் மாட்டைத் தேர்ந்தெடுத்து, தீவனம் இடுவான் என்பது விவசாயிகளுக்குச் சொல்லவேண்டிய விஷயமன்று.

இரண்டாவது, எண்ணெய் வித்து. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ராப் வகைச் செடி குளிர் தேசத்திலும் விளையக்கூடியது. பழைய ராப் வித்தின் எண்ணெயில் எரூசிக் அமிலம் என்னும் விரும்பத்தகாத பொருள் மிகுதியாக இருந்தது. பயிர் அபிவிருத்தியாளர்கள் அதைப் பெரும்பாலும் நீக்கிய ரகங்களை உண்டாக்கிய பிறகே அவ்வெண்ணெய் உணவுக்கு நன்கு உகந்ததாயிற்று. அதில் நிறைவுற்ற கொழுப்பு நூற்றுக்கு 7 பங்கு அளவே. வெண்ணெயில் பாதி எடை அக்கொழுப்பே. 1972-இல் கரேலிய வீடுகளில் சமையலுக்குத் தாவர எண்ணெய் அனேகமாக இல்லை என்றே சொல்லலாம். பின்னாளில் உள்நாட்டு ராப் எண்ணெய் அடுப்பங்கரைகளில் நிலைபெற்றது.

மூன்றாவது, சிறு பழங்கள். பின்லாந்துக் காடுகளில் பெரி என்னும் சிறு பழ வகைகள் தாமாகவே விளைகின்றன; ஸ்டிராபெரி முதலியவற்றைத் தோட்டத்திலும் பயிரிடலாம். தூர தேசத்து ஆரஞ்சை வாங்கித் தின்னுங்கள் என்பதைவிட, உள்ளூர்ப் பழத்தைப் பயிரிட்டு உண்ணுங்கள் என்பது ஏற்புடையதாயிற்று. 1980-ஆம் ஆண்டுகளின் நடுவில் சர்க்காரின் துணையுடன் பெரித் திட்டம் தொடங்கியது. பால் பண்ணையாளர் சிலர் பசுக்களைக் குறைத்துப் பெரித் தோட்டம் போட்டனர். எல்லோரும் அவ்விதம் மாறவில்லை. மாறவேண்டிய அவசியமும் இல்லை. பசு இன்றும் அந்நாட்டில் உண்டு.

வெண்ணெயை நீக்கி எண்ணெயைக் கொடுத்தால் உண்மையில் சாவு குறையுமா என்று சோதித்த ஒரு பரீட்சையும் அதே தேசத்தில் நடந்தது. ஹெல்சிங்கிக்கு அருகிலுள்ள இரண்டு மனநோய் ஆஸ்பத்திரிகளில் 1959 முதல் 1971 வரை, முதல் ஆறு ஆண்டுகள் ஒன்றிலும் அடுத்த ஆறு ஆண்டுகள் மற்றொன்றிலும் ஆகாரம் மாற்றப்பட்டது. வெண்ணெய்க்குப் பதிலாக மிருதுவான மார்கரினும், சாதாரணப் பாலுக்குப் பதிலாக சோயா எண்ணெய் கலந்த பாலும் கொடுத்தனர். மாற்று ஆகாரம் கொடுக்கப்பட்ட காலங்களில், ஆண்களிடையே இருதய நோய்ச் சாவு ஏறக்குறைய பாதியாயிற்று. நோயாளிகள் வருவதும் போவதுமாக இருந்தபடியால் இப்பரீட்சையில் குறை சொல்வோர் உண்டு. ஆயினும் பிற இடங்களில் நடந்த சோதனைகளுள், எல்லாம் அல்லாவிடினும், சில அதே திசையைக் காட்டின.

வட கரேலியாவின் பலன் என்ன? 35 முதல் 64 வயது வரையுள்ள ஆண்களில் இருதய நாள நோயால் இறப்பவர்கள், 1970-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் லட்சத்துக்கு 600-க்கு மேல் இருந்தனர். நாற்பது ஆண்டுகளில் அவ்வெண்ணிக்கை 80 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது. பெண்களிடையேயும் அவ்வாறே. கொலஸ்டிரால் சராசரி 2007-இல் ஏறக்குறைய 210-க்கு இறங்கிற்று. வெண்ணெய் தடவி உண்போர் மிகச் சிலராயினர். குவோபியோ ஜில்லாவிலும் தேசம் முழுவதிலுங்கூட இந்நோய் குறைந்ததே, இதைத் திட்டத்தின் பலன் என்று எங்ஙனம் சொல்வது என்று கேட்டவர்களும் உண்டு. கேள்வி நியாயமானது. தொடக்க ஆண்டுகளில் வட கரேலியாவில் வீழ்ச்சி வேகமாக இருந்ததும், அதைக் கண்டு மற்ற ஜில்லாக்கள் பின்பற்றியதும் அதற்குரிய விடை. 1982 முதல் 1997 வரை பின்லாந்தில் ஏற்பட்ட குறைவைப் பகுத்தாராய்ந்தவர்கள், மருந்தாலும் சிகிச்சையாலும் வந்தது சுமார் கால் பங்கே என்றும், பாதிக்கு மேற்பட்டது கொலஸ்டிரால், புகை, இரத்த அழுத்தம் இவற்றின் குறைவால் வந்தது என்றும் கணித்தனர். ஆயினும் வழக்கம் ஒருமுறை மாறிவிட்டால் மாறியபடியே நிற்கும் என்பதில்லை. மாவுப் பண்டத்தைத் தள்ளி வெண்ணெயைத் தின்னும் ஒரு புது நாகரிகம் பரவியபின், 2012-இல் எடுத்த கணக்கில் அந்நாட்டார் கொலஸ்டிரால் பல பத்தாண்டுகளுக்குப் பின் மீண்டும் சற்று ஏறியிருக்கக் கண்டனர்.

நீரிழிவுக்கும் கொழுப்புக்கும் உள்ள தொடர்பு இவ்வளவு நேரானதன்று. குழந்தைகளுக்கு வரும் நீரிழிவு, கணையத்தின் இன்சுலின் சுரப்பே அழிவதால் உண்டாவது. அது ஆகாரக் குற்றமன்று. அவ்வகை உலகிலேயே மிக அதிகமாக உள்ள தேசம் பின்லாந்துதான். பெரியவர்களுக்கு வரும் வகையில் இன்சுலின் இருந்தும் தேகம் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. உண்பது உழைப்பதைவிட மிஞ்சும்போது வயிற்றிலும் ஈரலிலும் கொழுப்புச் சேர்ந்து இந்தக் கோளாறை வளர்க்கிறது. நிறைவுற்ற கொழுப்பு ஈரலில் அதிகம் தங்குவதாகவும் காணப்பட்டுள்ளது. கரேலியத் திட்டத்தில் பணிபுரிந்த யாக்கோ துவோமிலேட்டோ முதலியோர், நீரிழிவின் விளிம்பில் நின்ற பருத்த தேகமுள்ள 522 பேரை இரு பிரிவாக்கிச் சோதித்தனர். ஒரு பிரிவினருக்கு ஐந்து இலக்குகள்: தேக எடையில் 5 சதவிகிதமாவது குறைத்தல், மொத்தக் கொழுப்பைச் சக்தியின் 30 சதவிகிதத்துக்குள்ளும் நிறைவுற்ற கொழுப்பை 10 சதவிகிதத்துக்குள்ளும் அடக்குதல், நார்ச்சத்தை மிகுத்தல், தினம் அரை மணி நேரமாவது தேகப் பயிற்சி. 2001-இல் வெளியான முடிவின்படி, நான்கு ஆண்டுகளில் சாதாரண ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 23 பேர் நீரிழிவு அடைந்தனர். இலக்கு வைத்து நடத்தப்பட்டவர்களில் 11 பேரே.

சென்னையிலும் இதே போன்ற சோதனை நடந்துள்ளது. ஏ. இராமச்சந்திரன் என்னும் வைத்திய நிபுணரின் குழுவினர் 531 பேரைச் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். மூன்று ஆண்டுகளில், ஒன்றும் செய்யாதவர்களில் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. ஆகாரத்தைத் திருத்தி நடைப்பயிற்சி செய்தவர்களில் ஏறக்குறைய 39 பேருக்கு. நன்மை இருந்தது; ஆனால் பின்லாந்தில் கண்ட அளவு இல்லை. இந்தியருக்கு இந்நோய் இளவயதிலும், அவ்வளவு பருமன் இல்லாத தேகத்திலும், விரைந்து வருகிறது என்பது இந்த எண்களாலேயே தெரியும்.

இங்கு ஒரு எச்சரிக்கை அவசியம். நெய்யை விட்டவன் அந்த இடத்தை எதனால் நிரப்புகிறான் என்பதைப் பொறுத்தே பலன் உண்டு. நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாக நிறைவுறா எண்ணெய் வந்தால் இருதயத்துக்கு நன்மை. அதற்குப் பதிலாகத் தீட்டிய வெள்ளையரிசிச் சோறும் சர்க்கரையும் இன்னொரு கரண்டி ஏறினால் இருதயத்துக்கு லாபம் இல்லை. நீரிழிவின் விஷயத்தில் நஷ்டமும் உண்டு. தமிழ்நாட்டு வீடுகளில் இலையை நிரப்புவது பெரும்பாலும் சோறே ஆதலால், பின்லாந்தின் பாடத்தை இத்திருத்தத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் பருப்பும், பயறும், காய்கறியும், தவிடு நீக்காத கம்பு, கேழ்வரகும் வருமானால் குறை இல்லை.

வழக்கத்திலுள்ள எண்ணெய்களில் நிறைவுற்ற கொழுப்பின் அளவு தெரிந்திருப்பது உதவும். 100 பங்குக்குத் தேங்காயெண்ணெயில் சுமார் 90; நெய்யில் 60-க்கு மேல்; பாமாயிலில் 40-க்கு மேல், அது இளகியே இருப்பினும்; கடலையெண்ணெயில் 20-க்குள்; நல்லெண்ணெயில் சுமார் 15. வனஸ்பதி தனி. தாவர எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றி உறையவைக்கும்போது உண்டாகும் திரிந்த கொழுப்பு, வெண்ணெயைக் காட்டிலும் இருதயத்துக்குக் கெடுதி. அது 100-க்கு 2 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று இந்திய சர்க்கார் 2022 ஜனவரி முதல் விதித்திருக்கிறது. எண்ணெயைப் பலமுறை காய்ச்சிப் பலகாரம் சுடுவதும் நல்லதன்று.

நல்ல எண்ணெயும் அளவுக்குட்பட்டதே. எதுவாயினும் ஒரு கிராமுக்கு 9 கலோரி சக்தி உண்டு. ஹைதராபாத்திலுள்ள தேசிய உணவுச் சத்து நிலையம் 2024-இல் வெளியிட்ட யோசனையில், 2,000 கலோரி ஆகாரத்துக்கு எண்ணெயும் நெய்யும் சேர்ந்து நாளொன்றுக்கு 27 கிராம் என்று காட்டியுள்ளது. பெரியவர்கள் நால்வர் உள்ள வீட்டுக்கு இது மாதத்துக்குச் சுமார் மூன்றரை லிட்டர் ஆகும். கடுமையாக வயல்வேலை செய்வோருக்கு ஆகாரமும் அதற்கேற்ப எண்ணெயும் சற்றுக் கூடலாம். செக்கிலிருந்து டின்னாக வாங்குபவர்கள், வாங்கிய தேதியையும் தீர்ந்த தேதியையும் நாட்காட்டியில் குறித்து வந்தால் தங்கள் வீட்டின் கணக்கு இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும்.